விளக்கு எரிந்தால் நிற்பவர்

சிவப்பு விளக்கு எரிந்தால் அவர் நிற்பார். அவரைப் பற்றி எவரேனும் கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான். கேட்பவர்கள், சாலை விதியை மதிக்கும் பெண்மணி போலும் என்று எண்ணிக்கொள்வார்கள். விதியை மதிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் அந்த வகையினர் அல்லர். பேசுகிற ஒருவருக்கு மறுமொழி சொல்வது போல அவர் விளக்குக்கு நின்றார்.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு அவருடையது. பெயர் எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை. தெருவிலும் எவரும் அந்தப் பெயரால் அவரை அழைத்ததில்லை. பாகூர்ப் பக்கத்தில் நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, நெடுங்காலம் பிரான்சில் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஆகவே எல்லாருக்கும் அவர் மதாம். ஊர் திரும்பிய சில ஆண்டுகளில் கணவர் இறந்துபோனார். அவர் கப்பலில் வரவழைத்த கார் வாசலில் நின்றது. ஸ்டீயரிங் இடப்பக்கம் அமைந்த, நீண்ட, பழுப்பு நிற டீசல் கார். பருத்திப் புடவையைக் கணுக்காலுக்கு மேல் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு அந்த அம்மையாரே அதை ஓட்டினார். இரண்டாயிரத்துக்குப் பின் வந்த முதல் பத்தாண்டின் நடுப்பகுதி அது.

ஒருநாள் நடுப்பகல், அண்ணா சாலைச் சந்திப்பில் சிக்னல் பழுதாகிச் சிவப்பிலேயே நின்றுவிட்டது. மற்றவர்கள் சிறிது நேரம் பார்த்துவிட்டுப் புறப்பட்டுப் போனார்கள். அவர் போகவில்லை. பின்னால் ஆரன் ஒலி பெருகியது. ஓர் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

“யம்மா, அது செத்துப் போயி அர மணி நேரமாவுது. கருமாதி முடிச்சிட்டுத்தான் கெளம்புவியா?”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சிவப்புத் தொப்பி அணிந்த காவலர் வெயிலில் நடந்து வந்து கண்ணாடியைத் தட்டினார்.

“போங்க மதாம். சிக்னல் ரிப்பேரு. நான்தான் சொல்றேன்ல?”

“நீங்க சொல்றீங்க தம்பி. அது இன்னும் நில்லுன்னுதானே சொல்லுது?”

காவலர் ஓரத்திலிருந்த பெட்டியைத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்தார். விளக்கு அணைந்தது. மதாம் கியரை மாற்றி வண்டியை நகர்த்தினார். பின் இருக்கையில் இருந்த நான், கையிலிருந்த செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். இரத்தப் பரிசோதனை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம்.

அவளுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்திருந்தன. வாரம் இருமுறை டயாலிசிஸ். மருத்துவமனை வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், பிள்ளைச்சாவடியையும் தாண்டி இருந்தது. நான் கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். கார் ஓட்டத் தெரியாது. பிறரிடம் கேட்டுப் பெறும் வழக்கமும் எனக்கு இல்லை. உறவினர் சிலர் தங்கள் வண்டியை அனுப்புவதாகச் சொன்னபோது மறுத்துவிட்டேன். முதல் முறை ஆட்டோவில் சென்றோம். குலுக்கலில் அவள் இருமுறை வாந்தியெடுத்தாள். அடுத்த முறை ஆட்டோ பிடிப்பதற்காக நான் வாசலுக்கு வந்தபோது, மதாமின் கார் எங்கள் படியை ஒட்டி நின்றிருந்தது. பின்கதவு திறந்திருந்தது.

“அக்காவ நான் கூட்டிக்கினு போறேங்க ஐயா. நீங்களும் ஏறுங்க.”

என் சம்மதத்தைக் கேளாமலே வந்து நின்றது என்பதால் என்னால் ஏற்க முடிந்தது. அன்று தொடங்கி, போவதும் வருவதும் அந்தக் காரில்தான்.

டயாலிசிஸ் அறையின் கதவுக்கு மேலேயும் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. உள்ளே இயந்திரம் ஓடும் நேரத்தில் அது எரியும். எரியும்போது வெளியாட்கள் நுழையக் கூடாது என்று கதவில் எழுதியிருந்தது. எல்லாரும் நுழைந்தார்கள். நானும் நுழைந்தேன். அவர் மட்டும் வெளியே பெஞ்சில் அமர்ந்திருப்பார்.

“சும்மா உள்ள வாங்கம்மா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்பாள் நர்ஸ்.

“எரியுதே பாப்பா.”

அத்தனை மணி நேரமும் கதவிலிருந்த கண்ணாடிச் சதுரத்தின் வழியாகவே என் மனைவியைப் பார்த்தார். அவள் உள்ளிருந்து கையை உயர்த்துவாள், இவரும் உயர்த்துவார். இயந்திரம் இடையில் கீச்சிட்டு விளக்கைக் காட்டுவதும், நர்ஸ் வந்து பொத்தானை அமுக்கி அதை அடக்குவதும் அவர் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தன. ஒருநாள் நர்ஸிடம் கேட்டார்.

“அது கத்துறப்ப நீ ஏன் வாய அடைக்கிற?”

“ட்யூபு லேசா மடங்குனாக் கூடக் கத்தும்மா அது. சும்மாதான்.”

“மடங்கினது நெசந்தானே? அப்புறம் எப்படிச் சும்மாவாவும்?”

நர்ஸ் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

சில மாதங்களில் காரின் ரேடியேட்டர் விரிசல் விட்டது. உப்புக்காற்று அதன் மெல்லிய தகடுகளைப் பொடியாக்கியிருந்தது; பக்கவாட்டுப் பிளாஸ்டிக் தொட்டியும் பிளந்து தண்ணீர் ஒழுகியது. நெல்லித்தோப்பில் ஒரு கொட்டகையில் தொழில் நடத்திய மெக்கானிக் ஒருவரிடம் மதாம் வண்டியை விட்டார். தம் திறமையைத் தாமே புகழ்ந்துகொள்ளும் மனிதர் அவர். அசல் பாகம் பிரான்சிலிருந்து வர மாதக்கணக்காகும் என்றும், நம் ஊர் வேனுக்காக வெளியில் செய்து விற்கும் ரேடியேட்டர் ஒன்றை இதில் பொருத்திவிடலாம் என்றும் சொன்னார்.

“நான் மாட்டினப்புறம் பாருங்க மதாம்மா. இந்த வண்டியச் செஞ்சவனே வந்தாலும், அட, இது நாம வெச்சதுதானேன்னு சொல்லிட்டுப் போவான்.”

புதியது இரண்டு விரற்கடை உயரம் கூடுதலாக இருந்தது. தாங்கிகளை அறுத்துக் கீழே இறக்கிப் பற்றவைத்தார். குழாய்களின் வாய் சேரவில்லை. நடுவில் பித்தளைத் துண்டு வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கினார். சூடு ஏறினால் ஃபேனைச் சுழலவைக்கும் சுவிட்சுக்குக் கீழ்த்தொட்டியில் ஒரு மரையைப் பற்றவைத்துப் பழைய சுவிட்சையே திருகினார். ஃபேன் ஒழுங்காகச் சுழன்றது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. தண்ணீர் குறைந்தால் உணர்ந்து சொல்லும் சென்சார் பழைய ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள் மிதந்துகொண்டிருந்தது. புதியதில் அதற்கு இடமே இல்லை. சென்சாருக்குச் செல்லும் இரண்டு வயர்களும் அநாதையாகத் தொங்கின. வண்டியைக் கிளப்பியதும், தண்ணீரே இல்லை என்று கருதி, ஓட்டுநர் முன்னால் பெரிய சிவப்பு விளக்கு எரிந்தது.

நாங்கள் போய் நின்றபோது மெக்கானிக் கையில் டேப்புச் சுருளோடு இருந்தார்.

“இதுக்கெல்லாம் மெனக்கெடாதீங்க. ரெண்டு வயரையும் சேத்து முறுக்கி டேப்பு சுத்திட்டா விளக்கு அணைஞ்சிரும். தண்ணி ரொம்பி இருக்குன்னு வண்டி நம்பிக்கும்.”

“தண்ணி இல்லாதப்பவும் நம்புமா?” என்றார் மதாம்.

“அப்பவும் நம்பும்.”

“அப்ப அதுக்குப் பொய் சொல்றோம்.”

“வண்டிக்குத்தானே மதாம்மா சொல்றோம், உங்களுக்கா சொல்றோம்? இந்த ஊர்ல ஓடுற பாதி வண்டி இப்படித்தான் ஓடுது.”

“வண்டி எனக்குத்தானே சொல்லுது தம்பி? பின்னால அக்கா உக்காந்து வர்றாங்க. அது எங்கிட்ட சரியாச் சொல்லணும்.”

மெக்கானிக் என்னைப் பார்த்தார். படித்தவர் நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா என்பது அந்தப் பார்வையின் பொருள். மறுநாள் டயாலிசிஸ். வண்டி வந்தால் போதும் என்ற நிலையில் நான் இருந்தேன். மதாம் கொட்டகையில் ஒரு டயரின் மேல் அமர்ந்துவிட்டார். எழுந்திருக்கும் நோக்கம் அவரிடம் தென்படவில்லை. இறுதியில் மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு, வேறொரு வண்டியின் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டியை எடுத்து, அதில் துளையிட்டுச் சென்சாரை நுழைத்து, குழாயால் ரேடியேட்டரோடு இணைத்து, எஞ்சினுக்கு ஓரத்தில் கிடைத்த சந்தில் சாய்வாகச் செருகினார். விளக்கு அணைந்தது.

சாய்வாகச் செருகியதுதான் தவறு. வளைவிலும் வேகத்தடையிலும் புட்டித் தண்ணீர் ஒருபுறம் ஒதுங்கும், மிதவை தாழும், விளக்கு எரியும். ஒரு சொட்டும் குறைந்திருக்காது. ஆனால் எரிந்தால் அவர் நிற்பார். நின்று, எஞ்சினை அணைத்து, பானட்டைத் திறப்பார். சூட்டோடு புட்டியின் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும் என்பதால் ஆறும்வரை காத்திருப்பார். பிறகு மூடியில் துணியைப் போட்டுத் திறந்து, அளவு சரியாக இருப்பதைத் தம் கண்ணால் பார்த்து, மூடுவார். இத்தனைக்கும் முதல் நாளே நான் சொல்லிவிட்டேன்.

“அது தப்பா எரியுதுங்க.”

“இருக்கலாங்க ஐயா. பாத்தாத்தானே தெரியும்?”

பெரும்பாலும் பிள்ளைச்சாவடி வேகத்தடையில்தான் எரியும். அதைத் தாண்டி ஒரு பூவரச மரம். திரும்பி வரும்போது அந்த இடத்தில் நின்றால் இடப்பக்கம் வீடுகளுக்கு நடுவே கடல் தெரியும். மதாம் பின்கதவைத் திறந்துவிடுவார். என் மனைவி கால்களை வெளியே தொங்கவிட்டு அமர்வாள். மீன்கூடையோடு போகும் ஒரு பெண் இவர்களுக்குப் பழக்கமானாள்.

“இன்னாம்மா, இன்னிக்கும் வண்டிக்கு மூச்சு முட்டுதா?”

“அதுக்குத் தாகம்” என்பாள் என் மனைவி. “இதுக்குத் தண்ணி கொறஞ்சா விளக்கு எரியுது. எனக்குத் தண்ணி கூடினா காலு வீங்குது. எங்கிட்ட இருக்கறத எடுத்து இதுக்கு ஊத்த வழி இருந்தா ரெண்டு பேரும் டாக்டர் இல்லாமப் பொழைச்சுப்போம்.”

மீன்காரப் பெண் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரிப்பாள். மதாமும் சிரிப்பார். நான் சற்றுத் தள்ளி, சாலையைப் பார்த்தபடி நிற்பேன்.

அப்படியொரு நாளில்தான் மதாம் தம் பிரான்சு வாழ்க்கையைப் பற்றிப் பேசினார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

“நம்ம ஏரிக்கரையத் தாண்டாதவ நான்க்கா. அங்க போயி எறங்கினா ஒருத்தர் பேசறதும் புரியல. சிரிக்கிறாங்களா வையிறாங்களான்னுகூடத் தெரியாது. அவரு பட்டாளத்துக்குப் போயிட்டா நாள் பூரா ஒருத்திதான். விளக்கு மட்டுந்தான் புரிஞ்சுது. ரோட்டுல விளக்கு, அடுப்புல விளக்கு, துணி தொவைக்கிற மெஷின்ல விளக்கு. செவப்புன்னா நில்லு. அணைஞ்சா போ. அதுங்கதான் எங்கூட நேராப் பேசுச்சுங்க.”

“அப்புறம் பாஷை கத்துக்கினியே?” என்றாள் என் மனைவி.

“கத்துக்கினேன். கத்துக்கினப்புறந்தான் தெரிஞ்சுது, மனுசங்க மாத்தி மாத்திப் பேசறாங்கன்னு.”

இதைச் சொல்லிவிட்டு அவர் எழுந்து மூடியைத் தொட்டுப் பார்க்கப் போனார். ஆறியிருந்தது.

ஒருநாள் அரசு வாகனம் ஒன்று எங்களைக் கடந்துபோய், நின்று, பின்னோக்கி வந்தது. இறங்கியவர் என்னிடம் படித்தவர். உயர்ந்த பதவியில் இருந்தார். திறந்த பானட்டையும், கதவோரம் வீங்கிய கால்களோடு அமர்ந்திருந்த என் மனைவியையும், பக்கத்தில் மீன்கூடையையும் பார்த்தார்.

“சார், நீங்களா? என்ன சார் இது? வாங்க, அம்மாவக் கூட்டிக்கிட்டு என் வண்டியில ஏறுங்க.”

“வேண்டாம்ப்பா. வண்டி சூடு ஆறுது. நீங்க புறப்படுங்க.”

அவர் தயங்கித் தயங்கிப் புறப்பட்டார். அன்றைய பொழுது சாயும் முன்பே அந்தச் செய்தி இன்னும் இரண்டு பேர் வழியாக என்னிடம் திரும்பி வந்தது. பேராசிரியர் தம் மனைவியை ஓட்டை வண்டியில் அழைத்துப் போகிறாராம்.

மறுநாள் நானே மதாமையும் அழைத்துக்கொண்டு கொட்டகைக்குச் சென்றேன். விளக்கை அணைக்கும்படி நான் சொல்லவில்லை. பொய்யாக எரியக் கூடாது, அதற்கு வழி செய்யுங்கள் என்றேன். மதாமும் அதை ஒப்புக்கொண்டார். மெக்கானிக் புட்டியை நேராக நிறுத்த ஒரு தாங்கி செய்து, தண்ணீர் அலம்பாதபடி உள்ளே துளையிட்ட தடுப்பு ஒன்றையும் வைத்தார். அதன் பிறகு எந்த வேகத்தடையிலும் விளக்கு எரியவில்லை. நான் செய்தது முறையானது. இன்றும் அவ்வாறே கருதுகிறேன்.

அடுத்த முறை திரும்பி வரும்போது, பூவரச மரம் நெருங்கியதும் என் மனைவி முன்னால் குனிந்தாள்.

“கொஞ்சம் நிறுத்தேன்மா.”

“விளக்கு எரியலியேக்கா” என்றார் மதாம்.

அதில் கடுமை இல்லை. நிற்பதற்குக் காரணம் இல்லாதபோது எப்படி நிற்பது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. மரம் பின்னால் போயிற்று. மீன்காரப் பெண் சாலையோரத்தில் கையை உயர்த்தியபடி நின்றாள். அதற்கடுத்த முறையும் என் மனைவி கேட்டாள்; அதே பதில் வந்தது. பிறகு அவள் கேட்கவில்லை. கண்களை மூடிக்கொண்டு வந்தாள்.

பிறகு ஒருநாள் காலை, கார் வாசலுக்கு வந்து நின்றது. அவள் கட்டிலைவிட்டு எழவில்லை.

“நான் வரல.”

“டாக்டர் என்ன சொல்லியிருக்கார் தெரியுமில்ல?” என்றேன்.

“தெரியும். வீட்டுல இருந்து மெஷினு, மெஷின்ல இருந்து வீடு. நடுவுல எனக்குன்னு ஒரு எடம் இருந்துது. அதையும் ரிப்பேர் பண்ணிட்டீங்க.”

நான் வாசலுக்குப் போய், இன்று வரவில்லையாம் என்று மதாமிடம் சொன்னேன். அவர் காரைத் தம் வாசலுக்கு நகர்த்திக்கொண்டார்.

அந்த முறை தவறியது. அவள் கால்கள் தொடை வரை வீங்கின. படுத்தால் மூச்சுத் திணறியது. இன்னொன்றும் தவறினால் பொறுப்பேற்க முடியாது என்று மருத்துவர் தொலைபேசியில் சொன்னார். நான் சொல்லிப் பார்த்தேன். அவளுடைய தம்பி வந்து சொல்லிப் பார்த்தான். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த முறைக்கு உரிய நாளின் காலையில் மதாம் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் அமர்ந்தார்.

“வாங்கக்கா. திரும்பி வர்றப்ப நிப்போம்.”

“விளக்கு எரியாம நீ எங்க நிக்கப் போற?”

“எரியும்.”

“அதான் சரி பண்ணியாச்சே?”

“எரியும்க்கா.”

என் மனைவி எழுந்து உட்கார்ந்து, புடவை எடுத்துத் தரச் சொன்னாள்.

அன்று மருத்துவமனையில், டயாலிசிஸ் முடியச் சிறிது நேரம் இருந்தபோது, நான் மாடி நடையிலிருந்து கீழே பார்த்தேன். வேப்ப மர நிழலில் கார் நின்றது. பானட் திறந்திருந்தது. பேட்டரிக்குத் தண்ணீர் விடும் ரப்பர்க் குமிழால் மதாம் அந்தப் புட்டியிலிருந்து பச்சை நிறத் தண்ணீரை உறிஞ்சி ஒரு பாட்டிலுக்குள் விட்டுக்கொண்டிருந்தார். நான் இறங்கிச் சென்றேன்.

“என்ன பண்றீங்க?”

“தண்ணி எடுக்கறேங்க ஐயா. ஒரு டம்ளரு கொறைச்சா பிள்ளைச்சாவடி மேட்டுல எரியுது. நேத்தே ஓட்டிப் பாத்துட்டேன்.”

“எஞ்சின் கெட்டுப் போகாதா?”

“மெக்கானிக்குத் தம்பியக் கேட்டேன். நல்லாத் திட்டிட்டு, ஒரு டம்ளருக்கு மேல எடுக்காதன்னுச்சு.” பாட்டிலை மூடித் தம் இருக்கைக்கு அடியில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். “இதுல பொய் இல்லீங்க. நெசமாவே கொறைச்சுட்டுத்தான் எரிய வெக்கிறேன்.”

நான் மேலே சென்றேன். ஊசிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். “வண்டியில தண்ணி கொறைவா இருக்காம், வழியில நிக்க வேண்டி வரும்” என்று என் மனைவியிடம் சொன்னேன். நான் சொன்னதிலும் பொய் இல்லை. “அப்படியா?” என்றாள்.

பிள்ளைச்சாவடி வேகத்தடையில் விளக்கு எரிந்தது. மதாம் நின்றார். எஞ்சின் ஆறியதும் பாட்டில் தண்ணீரைத் திரும்ப ஊற்றினார். அது முதல் எல்லா முறையும் அப்படியே நடந்தது. என் மனைவி ஒரு முறையும் தவறவிடவில்லை. மழைக்காலம் வந்து போயிற்று. தெரிந்தவர்கள் அந்த இடத்தில் எங்களைப் பார்த்தார்கள்; பேசியும் இருப்பார்கள். நான் சாலைக்கு முதுகைக் காட்டி நிற்கப் பழகிக்கொண்டேன். அந்தப் பக்கம் கடல் இருந்தது.

மாசி மாதத்தில், இயந்திரத்தில் இருந்தபோதே அவளுக்கு இரத்த அழுத்தம் இறங்கியது. என்னை வெளியே அனுப்பினார்கள். மதாம் அப்போதுதான் கீழிருந்து வந்து பெஞ்சில் அமர்ந்திருந்தார். நானும் பக்கத்தில் அமர்ந்தேன். உள்ளே காலடிச் சத்தங்கள் கேட்டன, பிறகு கேட்கவில்லை. கதவுக்கு மேலிருந்த விளக்கு அணைந்தது. மதாம் எழுந்து உள்ளே போனார். அந்த அறைக்குள் அவர் அடியெடுத்து வைத்தது அன்றுதான்.

எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. காட்டிய இடங்களில் கையெழுத்திட்டேன். என் மைத்துனன் வந்து சேர்ந்து, ஆம்புலன்சுக்குச் சொன்னான். அவளோடு அவன் ஏறிக்கொள்வது என்றும், வீட்டுச் சாவி என்னிடம் இருந்ததால் நான் மதாமின் காரில் முன்னே போய்க் கதவைத் திறந்துவைப்பது என்றும் முடிவாயிற்று. உறவினர்கள் ஏற்கெனவே வாசலில் கூடியிருந்தார்கள். நான் பின் இருக்கையில், வழக்கமாக அமரும் பக்கத்தில் அமர்ந்தேன்.

பிள்ளைச்சாவடி வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. விளக்கு எரிந்தது.

மதாம் பூவரச மரத்தடியில் வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சற்று நேரம் அப்படியே இருந்தார். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்று அவர் போயிருக்கக்கூடும், தெரியவில்லை. நான் சொல்லவில்லை. இறங்கி, அவள் பக்கத்துப் பின்கதவைத் திறந்துவிட்டு, பானட் பக்கம் போய் நின்றேன். அவரும் இறங்கிப் பானட்டைத் திறந்தார். வெப்பம் முகத்தில் அடித்தது.

காத்திருந்தோம். மீன்காரப் பெண் வந்தாள். வழக்கமான கேள்வியைத் தொடங்கி, திறந்திருந்த கதவுக்குள் பார்த்து, பாதியில் நிறுத்தினாள். கூடையை இறக்கவில்லை. தலையில் கூடையோடு அங்கேயே நின்றாள்.

ஆம்புலன்ஸ் எங்களைக் கடந்து சென்றது. அவசரம் இல்லாததால் ஒலி எழுப்பவில்லை. என் மைத்துனன் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தான். சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

மதாம் மூடியைத் தொட்டுப் பார்த்தார். துணியைப் போட்டுத் திறந்தார். பிறகு தம் இருக்கைக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்துவந்தார். அன்று காலை, அவள் இயந்திரத்தில் இருந்தபோது எடுத்துவைத்த தண்ணீர். சிந்தாமல், கடைசித் துளிவரை ஊற்றினார். அளவு சரியாக இருப்பதைக் குனிந்து பார்த்தார். மூடியைத் திருகினார்.

“போலாங்களா ஐயா?”

நான் ஏறிக்கொண்டேன். எஞ்சின் ஓடத் தொடங்கியது. விளக்கு எரியவில்லை. அவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.